இணையவழி மென்பொருளும் சங்கத்தின் பேரேடும்

கூட்டுறவுச் சங்கங்களின் நிர்வாகக் குழுக் கூட்டங்களில் அண்மைக் காலமாக ஒரு பொருள் அடிக்கடி விவாதத்திற்கு வருகின்றது. "மாதச் சந்தா செலுத்தினால் போதும், கணக்கு முழுவதையும் இணையத்திலேயே எழுதிக்கொள்ளலாம், கணிப்பொறியில் எதையும் நிறுவ வேண்டுவதில்லை" என்று கூறிக்கொண்டு விற்பனைப் பிரதிநிதிகள் சங்க அலுவலகங்களுக்கு வருகின்றனர். இயக்குநர்கள் தலைவரின் முகத்தைப் பார்க்கின்றனர். தலைவர் காரியதரிசியின் முகத்தைப் பார்க்கின்றார். காரியதரிசி ஆய்வாளரின் முகத்தைப் பார்க்கின்றார். ஆதலின் இம்மாதப் பாடத்திற்கு இப்பொருளையே எடுத்துக்கொண்டோம்.

முன்னாளில் ஒரு வணிக நிலையம் கணக்கு மென்பொருள் வாங்குமாயின், அதை ஒரு முறை விலை கொடுத்து வாங்கித் தன் கணிப்பொறியில் நிறுவிக்கொள்ளும். கணக்கும் அப்பொறியிலேயே தங்கும். பெங்களூரில் தோன்றிய டேலி மென்பொருள் நாட்டின் கடைத்தெருக்களில் பரவியது இம்முறையில்தான். புதிய முறையிலோ மென்பொருளும் நம் கணக்கும் ஆகிய இரண்டுமே சேவை நிறுவனத்தின் பொறிகளில், நாம் கண்டிராத ஓர் ஊரில் இருக்கும். நம் அலுவலகக் கணிப்பொறி அவற்றைப் பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் உரிய பலகணி மாத்திரமே. சந்தா செலுத்தும் வரையில் பலகணி திறந்திருக்கும்.

நெசவாளர் அங்கத்தினர்களுக்கு இதைச் சாயப்பட்டறையைக் கொண்டு விளக்கலாம். தறி வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் சாயத் தொட்டியும் கொதிகலனும் வைத்துக்கொள்வதில்லை. நூலைப் பட்டறைக்கு அனுப்பிச் சாயமேற்றிப் பெற்று, எடைக்குத் தக்க கூலி கொடுத்துவிடுகின்றோம். தொட்டி பழுதானால் அது பட்டறைக்காரரின் கவலை. புதிய சாயம் வந்தால் அதை வாங்குவதும் அவர் செலவு. விவசாய அங்கத்தினர்கள் நெல் அரைவை ஆலையை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் சாயப்பட்டறைக்கு நூலை அனுப்பும்போது, இத்தனை கட்டு நூல், இன்ன நம்பர் என்று சீட்டுப் பெறாமல் எவரும் அனுப்புவதில்லை. இந்தச் சீட்டு என்னும் விஷயத்தையே இக்கட்டுரை முதன்மையாகக் கருதுகின்றது.

இக்கருத்து புதியதன்று. 1961-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் நூற்றாண்டு விழாவில் ஜான் மெக்கார்த்தி என்னும் அறிஞர், தொலைபேசியைப் போன்று கணிப்பும் ஒரு நாள் பொதுச் சேவையாக வழங்கப்படலாம் என்று கூறினார். 1999-இல் சான் பிரான்ஸிஸ்கோவில் தொடங்கப்பட்ட சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம், வாடிக்கையாளர் விவரங்களைப் பேணும் மென்பொருளை இணையத்தின் வழியே சந்தாவுக்குத் தந்து இம்முறையை வணிக உலகில் நிலைநிறுத்திற்று.

தமிழ்நாட்டார் இத்துறையில் பிற்பட்டவர் அல்லர். 1996-இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரில் தொடங்கி, 2009-இல் ஸோஹோ கார்ப்பொரேஷன் எனப் பெயர் மாறிய நிறுவனம் 2005 முதல் இணையவழி மென்பொருள்களை வெளியிட்டு வருகின்றது. கடிதம், கணக்கு, சம்பளப் பட்டியல், சரக்கிருப்பு என்று அவை பல. 2011 முதல் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலும் அது அலுவலகம் வைத்து நடத்துகின்றது. இந்நிறுவனத்தில் பணிபுரிந்த கிரீஷ் மாத்ருபூதம் 2010-இல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க், பின்னர் ஃப்ரெஷ்வொர்க்ஸ் எனப் பெயர் பெற்று, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. வாடிக்கையாளரின் முறையீடுகளை வரிசைப்படுத்தி, எது தீர்ந்தது, எது தீரவில்லை என்று காட்டுவது அதன் முதல் மென்பொருள்.

அந்நிறுவனம் தோன்றிய காரணம் நம் கவனத்திற்குரியது. 2010-இல் ஸென்டெஸ்க் என்னும் அயல்நாட்டு நிறுவனம் தன் சந்தாவை மிகுதியாக உயர்த்தியது, வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்தனர். அந்நிறுவனம் வருத்தம் தெரிவித்துப் பழைய வாடிக்கையாளர்க்குப் பழைய கட்டணத்தையே அனுமதித்தது. எனினும் அக்குமுறலைப் படித்தறிந்த ஒருவர், குறைந்த கட்டணத்தில் இதே சேவையைத் தர இடமுண்டு என்று கண்டு சென்னையில் தொழில் தொடங்கிவிட்டார். சந்தா முறையில் விலை என்பது ஒரு நாள் முடிந்துபோகும் பேச்சன்று. ஒவ்வோர் ஆண்டும் திரும்ப வரும் பேச்சு.

வியாபார நிலையங்கள் இச்சேவைகளை எதற்கெல்லாம் பயன்படுத்துகின்றன? விற்பனைச் சீட்டு, சரக்கிருப்பு, ஊழியர் வருகைப் பதிவு, சம்பளம், வரிக் கணக்கு, கடிதப் போக்குவரத்து ஆகியவற்றிற்கே பெரும்பாலும். இவற்றுள் ஒரு நெசவாளர் சங்கத்திற்கு மிகுந்த நன்மை தரக்கூடியது சரக்கிருப்பாகும். புதுச்சேரியில் ஒரு விற்பனை நிலையமும் காரைக்காலில் மற்றொன்றும் வைத்துள்ள ஒரு சங்கத்தை எண்ணிப் பாருங்கள். காரைக்காலில் எந்தப் புடவை எத்தனை விற்றது என்பது மாத இறுதியில் பட்டியல் வந்த பிறகே தலைமை அலுவலகத்திற்குத் தெரியும். அதற்குள் விற்காத வகையையே தறிகளில் மீண்டும் ஏற்றியிருப்பர். ஒரே பேரேட்டை இரண்டு ஊர்களிலிருந்தும் அன்றன்றே எழுதினால், விற்பனையைப் பார்த்துப் பாவு போடலாம். தேங்கும் சரக்கில் முடங்கிக் கிடக்கும் மூலதனத்தை அறிந்தவர்கள் இதன் பிரயோஜனத்தை உணர்வர்.

ஆனால் ஓர் இடர்ப்பாடு உண்டு. இம்மென்பொருள்கள் ஆயிரக்கணக்கான சந்தாதாரர்க்கு ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. கடைக்காரருக்கு ஏற்றவை நமக்கு அப்படியே பொருந்துவதில்லை. 40-ஆம் நம்பர் பருத்தி நூல் என்றால் ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நீளமுள்ள சிட்டாக்கள் 40 அடங்கும். கிலோ கணக்கில் சுமார் 88 சிட்டா. அங்கத்தினருக்கு நூலைப் பட்டுவாடா செய்து, நெய்த துணியை வரவு வைத்து, சேதாரத்தைக் கழித்து, கூலியைக் கணக்கிட்டு, அதிலிருந்து சிக்கன நிதியைப் பிடித்து மீதியை வழங்குகின்றோம். சாதாரணச் சரக்கு மென்பொருளுக்கு நூல் வெளியே சென்றால் அது விற்பனை. துணி உள்ளே வந்தால் அது கொள்முதல். இவ்வாறு எழுதினால், நம் அங்கத்தினரே நமக்கு வியாபாரியாகவும் வாடிக்கையாளராகவும் காட்சியளிப்பர், தணிக்கையாளர் திகைப்பார். ஆகவே விற்பனைப் பிரதிநிதி வந்தவுடன் அவர் காட்டும் அழகிய வண்ணப் படங்களைப் பார்ப்பதை விடுத்து, சென்ற மாதத்து நூல் பட்டுவாடாவில் பத்து இனங்களைக் கொடுத்து எழுதிக் காட்டச் சொல்ல வேண்டும். கூலிச் சீட்டு தமிழில் அச்சாகின்றதா என்பதையும் அப்பொழுதே பார்த்துவிடுக. தம் கணக்கைத் தாமே படித்தறிய அங்கத்தினர்க்கு உரிமையுண்டு.

தொடக்கக் கடன் சங்கங்களுக்கு இத்தொல்லை குறைவு. 2022 ஜூன் 29 அன்று மத்திய அமைச்சரவை, 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறி மயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. மத்திய அரசின் பங்கு 1,528 கோடி. நாடு முழுவதற்கும் பொதுவான ஒரே மென்பொருளை நபார்டு வங்கியின் பொறுப்பில் இணையவழியே தருவதும், பழைய ஏடுகளைக் கணிப்பொறியில் ஏற்றுவதும், ஊழியர்களுக்குப் பயிற்சி அளிப்பதும் இத்திட்டத்தில் அடங்கும். புதுச்சேரியும் இதில் சேர்ந்துள்ளது. நெசவாளர் சங்கங்கள் இத்திட்டத்தின் வரம்பில் வருவன அல்ல. அவை தாமே தேடித் தாமே முடிவு செய்ய வேண்டியுள்ளது. ஆதலால் அவர்களுக்கே எச்சரிக்கை மிகுதியும் வேண்டும்.

செலவைச் சிறிது கணக்கிடுவோம். ஒரு பயனருக்கு மாதம் 300 ரூபாய், பயனர் ஐவர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டிற்கு 18,000, ஐந்தாண்டுக்கு 90,000. சரக்கு-சேவை வரி நூற்றுக்குப் பதினெட்டு வீதம் சேர 1,06,200 ரூபாய். சந்தா ஆண்டுதோறும் நூற்றுக்குப் பத்து உயருமாயின், வரியுடன் சுமார் 1,29,700 ரூபாய் ஆகிவிடும். இதற்கு எதிர்ப்புறத்தில், சொந்தப் பொறியின் விலை, பழுதுபார்க்கும் செலவு, நகல் எடுத்து வைக்கும் உழைப்பு ஆகியவற்றை எழுதிப் பார்க்க வேண்டும். சிறு சங்கத்திற்குப் பெரும்பாலும் சந்தாவே சிக்கனமாகத் தோன்றும் என்பது என் கருத்து. எனினும் முதல் ஆண்டுச் சலுகைக் கட்டணத்தைக் கண்டு தீர்மானம் நிறைவேற்றலாகாது.

இனி முதன்மையான விஷயத்திற்கு வருவோம். வைத்திக்குப்பத்தில் ஓர் அங்கத்தினர் கல்வி வகுப்பில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, மீன் விற்கும் பெண்மணி ஒருவர் எழுந்து, "ஐயா, கணக்கு நம்ம ஊரிலேயே இல்லையென்றால், நாளைக்கு அவன் கதவைச் சாத்திவிட்டால் நான் கட்டிய பணத்துக்கு எதைக் காட்டுவது?" என்று கேட்டார். அன்று வகுப்பில் கேட்கப்பட்ட கேள்விகளில் அதுவே சிறந்தது. அதற்கு விடையாக இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறலாம்.

முதலாவது, கூட்டுறவு வங்கிகளைப் பற்றியது. டாட்டா கன்சல்டன்ஸி சர்வீஸஸ் நிறுவனமும் பாரத ஸ்டேட் வங்கியும் கூட்டாக அமைத்த சி-எட்ஜ் டெக்னாலஜீஸ், நாட்டின் பல கூட்டுறவு வங்கிகளுக்கும் வட்டாரக் கிராம வங்கிகளுக்கும் வங்கிக் கணக்கு மென்பொருளைச் சேவையாக வழங்குகின்றது. 2024 ஜூலை இறுதியில் அந்நிறுவனத்தின் பொறிகளுள் சிலவற்றில், கோப்புகளைப் பூட்டிப் பணயம் கேட்கும் நச்சுநிரல் புகுந்ததாக அறியப்பட்டது. நோய் பரவாதிருக்கும் பொருட்டு, இந்தியத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் ஜூலை 31 அன்று அந்நிறுவனத்தின் இணைப்பைத் துண்டித்து வைத்தது. சுமார் 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்க்கு யு.பி.ஐ. முதலிய பணமாற்று வழிகள் நின்றன. மறுநாள் ஆகஸ்டு 1-இல் இணைப்பு மீண்டது. நோய் கண்டது சேவை நிறுவனத்தில், கடையடைத்தது வங்கிகளில். ஒரே பட்டறையில் முந்நூறு ஊர்களின் நூல் கிடந்தால் ஒரு தீ முந்நூறு ஊர்களையும் தொடும். சொந்தமாக ஒரு சிறந்த பாதுகாப்பு நிபுணரை அமர்த்த இச்சிறு வங்கிகளுள் பலவற்றால் இயலாது என்பதும் உண்மையே. பெரிய பட்டறையை நாடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, குஜராத்தின் வாடினாரில் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்தைப் பற்றியது. ரஷ்ய நிறுவனமான ரோஸ்நெஃப்ட் அதன் பங்குகளில் ஏறத்தாழப் பாதியை வைத்துள்ளது. 2025 ஜூலை 18 அன்று ஐரோப்பிய ஒன்றியம் அந்நிறுவனத்தின்மீது தடை விதித்தது. சில நாட்களில் மைக்ரோஸாஃப்ட் அதற்கு வழங்கிவந்த மின்னஞ்சல் முதலிய சேவைகளை நிறுத்திவிட்டது. தடை விதித்தது ஐரோப்பா, சேவை நிறுவனம் அமெரிக்காவினது, அலுவலகம் இந்தியாவில். சந்தா செலுத்தியிருந்தும், தங்கள் கடிதங்களையும் கோப்புகளையும் தாங்களே திறக்க இயலவில்லை என்று நயாரா தில்லி உயர் நீதிமன்றத்தை அடைந்தது. அம்மாத இறுதிக்குள் சேவை மீண்டும் அளிக்கப்பட்டது. தடையின் நியாய அநியாயங்களை நாம் இங்கு ஆராய வேண்டுவதில்லை. அவ்வளவு பெரிய ஆலைக்கு நீதிமன்றம் செல்லும் வலிமை இருந்தது. நூறு தறிகள் உள்ள ஒரு சங்கத்திற்கு அது இருக்குமா என்பதையே சிந்திக்க வேண்டும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு முறைப்படி நொத்தேர் என்னும் பத்திர அதிகாரியிடம் பத்திரம் எழுதிய குடும்பத்தாருக்கு ஓர் ஒப்புமை நினைவுக்கு வரும். மூலப் பத்திரம் நொத்தேரிடமே இருக்கும். கட்சிக்காரர் பெறுவது நகல். அவ்வாறு பிறரிடம் மூலத்தை விட்டுவைப்பதில் நம் முன்னோர் அஞ்சவில்லை. காரணம், நொத்தேரைச் சட்டம் கட்டுப்படுத்தியது, நகலும் கையிலிருந்தது. இணையச் சேவையில் நம்மைக் காப்பது நாம் கையொப்பமிடும் ஒப்பந்தமே. அதையோ, "ஏற்கின்றேன்" என்னும் கட்டத்தைத் தொட்டுவிட்டுப் படிக்காமலே செல்கின்றோம்.

இவற்றால் காகிதப் பேரேடே பாதுகாப்பானது என்று கொள்வாரும் உளர். அன்னார் 2024 நவம்பர் 30-ஐ நினைவுகூர வேண்டும். அன்றிரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து நகராமல் நின்றது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்து தெருக்கள் நீரில் மூழ்கின. மக்களை மீட்க இராணுவம் வந்தது. தரைத்தளத்து அலமாரியின் கீழ்த்தட்டிலிருக்கும் ஏட்டின் கதியை இத்தகைய வெள்ளம் எளிதில் தீர்த்துவிடும். தொலைவிலுள்ள பொறியில் இருக்கும் கணக்கு நனைவதில்லை. மின்சாரமும் இணைப்பும் வரும்வரை அதைப் பார்க்க இயலாது, அவ்வளவே. கடலோர ஊர்களாகிய நமக்குக் கணக்கின் ஒரு பிரதி வெளியூரில் இருப்பது நன்மையே. ஆகவே என் முடிபு, சேவையை வாங்கலாம் என்பதே. பேரேட்டின் பிரதி நம் கையில் இருக்க வேண்டும் என்னும் நிபந்தனையுடன்.

சட்டமும் நம்மிடமே பொறுப்பை வைக்கின்றது. 2023-ஆம் ஆண்டின் எண்ம முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அங்கத்தினரின் விவரங்களை நம் சார்பில் வேறொரு நிறுவனம் கையாண்டாலும் பொறுப்பு நம்முடையதே. விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. "அது சேவை நிறுவனத்தின் தவறு" என்று சங்கம் கைகழுவ இயலாது. பதிவாளருக்கும் அவரால் அதிகாரம் அளிக்கப்பட்டவருக்கும் கணக்கேடுகளைக் காட்டும் கடமையிலிருந்தும் சங்கம் விடுபடுவதில்லை. கம்பெனிகளைப் பொறுத்தவரை விதி இன்னும் தெளிவானது: 2022 ஆகஸ்டில் திருத்தப்பட்ட விதிகளின்படி, மின்னணுக் கணக்கின் நகலை நாள்தோறும் இந்தியாவிலுள்ள பொறியில் எடுத்து வைக்க வேண்டும், 2023 ஏப்ரல் 1 முதல், யார் எந்தப் பதிவை எப்பொழுது திருத்தினார் என்பதைக் காட்டும், எவராலும் நிறுத்த இயலாத திருத்தக் குறிப்பு மென்பொருளில் இருத்தல் வேண்டும். கம்பெனிச் சட்டத்தின் இவ்விதிகள் சங்கங்களுக்கென இயற்றப்பட்டவை அல்ல. ஆயினும் கம்பெனிகளுக்கு விற்கப்படும் மென்பொருளில் இவ்வசதிகள் இருந்தே தீர வேண்டுமாதலால், நாமும் கேட்டு வாங்கலாம்.

திருத்தக் குறிப்பு பயன்படுவதற்கு ஒவ்வோர் ஊழியருக்கும் தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் வேண்டும். காரியதரிசியின் கடவுச்சொல் சுவர் நாட்காட்டியின் ஓரத்தில் எழுதப்பட்டிருப்பதை ஓரிடத்தில் அன்று, பல இடங்களில் கண்டிருக்கின்றேன். அத்தகைய சங்கத்தில் கைமோசம் ஏதேனும் நேர்ந்தால், எல்லாப் பதிவுகளும் காரியதரிசியின் பெயரிலேயே நிற்கும். குற்றமற்றவர் விடை கூற நேரும். ஒரு பயனருக்குரிய மாதச் சந்தாவை மிச்சம் பிடிப்பதற்காக இவ்வளவு பெரிய ஆபத்தை மேற்கொள்ளுதல் தகாது.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவற்றுள் மிக முக்கியமானது வெளியேறும் வழி. நாம் விலகினாலும், அவர்கள் தொழிலை நிறுத்தினாலும், கணக்கு முழுவதையும், பிற மென்பொருள்களும் படிக்கக்கூடிய விரிதாள் வடிவில், கட்டணமின்றித் தர வேண்டும். அதற்குக் குறைந்தது 90 நாள் அவகாசம் வேண்டும். அதன்பின் தம் பொறிகளிலிருந்து நம் விவரங்களை அழித்துவிட்டதாக எழுதித் தர வேண்டும். கட்டண உயர்வுக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு, ஆண்டிற்கு எவ்வளவுக்கு மேற்படாமல் உயரும் என்பதையும் எழுதிக்கொள்க. "நூற்றுக்கு 99.9 பங்கு நேரம் சேவை நடைபெறும்" என்று அச்சிட்டிருப்பர். 30 நாள் மாதத்தில் அது சுமார் 43 நிமிடத் தடங்கலுக்கு இடமளிக்கும். 99 பங்கு என்றாலோ 7 மணி 12 நிமிடம். பார்வைக்குச் சிறிதாகத் தோன்றும் இவ்வேறுபாடு, கூலி வழங்கும் நாளில் பெரிதாகிவிடும். தடங்கல் நாளில் பட்டுவாடா நிற்காதிருக்க, அச்சிட்ட கைச்சீட்டுப் புத்தகம் ஒன்று அலுவலகத்தில் எப்பொழுதும் இருக்க வேண்டும்.

ஒப்பந்தம் எவ்வளவு நன்றாயினும், மாத இறுதியில் பிரதி எடுப்பது நம் வேலை. அங்கத்தினர் பதிவேடு, பங்குத்தொகை, சிக்கன நிதி, கடன் நிலுவை, நூலிருப்பு, ரொக்கப் புத்தகம் ஆகிய ஆறினையும் இறக்கி, இரண்டு சேமிப்புச் சாதனங்களில் எழுதி, ஒன்றைச் சங்கத்தின் இரும்புப் பெட்டியிலும் மற்றொன்றை நாம் கணக்கு வைத்திருக்கும் வங்கியின் பாதுகாப்புப் பெட்டகத்திலும் வைக்கலாம். எடுத்த பிரதி திறக்கின்றதா என்று இயக்குநர் ஒருவர் முன்னிலையில் திறந்து பார்த்து, பத்து அங்கத்தினரின் நிலுவையை அவர்களுடைய கணக்குப் புத்தகங்களோடு ஒப்பிட்டுத் தீர்மானப் புத்தகத்தில் குறிக்க வேண்டும். திறக்காத பிரதிகளை ஆண்டுக்கணக்காக அடுக்கி வைத்திருந்த சங்கங்களும் உண்டு. வைத்திக்குப்பத்துப் பெண்மணி கேட்டதற்கு விடை, அவருடைய பெயருக்கு நேரே தொகை எழுதப்பட்ட இந்தப் பிரதியும், அவர் கையிலுள்ள அச்சிட்ட சீட்டுமேயாகும்.

மாற்றம் செய்யத் தீர்மானிக்கும் சங்கங்கள் பழைய ஏட்டையும் புதிய சேவையையும் இரண்டு மாதம் இணையாக நடத்தி, இரண்டின் கூட்டுத்தொகையும் ஒத்திருப்பதைக் கண்ட பின்னரே ஏட்டை மூடுக. கணக்காண்டு தொடங்கும் ஏப்ரல் முதல் நாளே இதற்கு ஏற்றது. ஜனவரி இறுதிக்குள் மென்பொருளைத் தெரிந்தெடுத்துவிட்டால் பிப்ரவரி, மார்ச்சு இரண்டும் சோதனைக்குக் கிடைக்கும். தறிகள் நிறைந்து ஓடும் தீபாவளிக்கு முந்திய மாதங்களில் இம்முயற்சியில் இறங்கலாகாது. அக்காலத்தில் கூலிப் பட்டியல் ஒரு நாள் தவறினாலும் அலுவலக வாசலில் நிற்பவர்க்கு விடை கூறக் காரியதரிசியால் இயலாது.